ஹார்மோன் மாத்திரையை நிறுத்திய பிறகு கால்சியம் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 58. மாதவிடாய் நின்ற காலத்தில் உடல் தகித்ததாலும் தூக்கம் கெட்டதாலும் ஆறு ஆண்டுகள் ஹார்மோன் மாத்திரை எடுத்துவந்தேன். மருத்துவர் சொன்னதன்பேரில் நான்கு மாதங்களுக்கு முன் நிறுத்திவிட்டேன். நிறுத்தும் முன் எலும்பு அடர்த்தியை அளக்க எடுத்த டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு எலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 1.8. என் தாயாருக்கு முதுமையில் இடுப்பு எலும்பு முறிந்தது. இனி கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?

பதில்: போதாது. கால்சியம் எலும்புக்கான மூலப்பொருள் மட்டுமே. உங்கள் மாத்திரையில் இருந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் செய்துவந்த வேலை வேறு. எலும்பில் பழையதை அரிக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் இயங்குகின்றன. அரிக்கும் செல்களை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். நீங்கள் எடுத்த மாத்திரை அந்தக் கட்டுப்பாட்டை ஆறு ஆண்டுகள் நீட்டித்தது. 2002-இல் வெளியான ‘மகளிர் உடல்நல முனைப்பு’ என்னும் பெரிய அமெரிக்க ஆய்வில், ஹார்மோன் எடுத்த பெண்களிடையே இடுப்பு எலும்பு முறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் இந்தப் பலன் சேமிப்பாகத் தங்குவதில்லை. மாத்திரையை நிறுத்தியதும், மாதவிடாய் நின்ற தொடக்க ஆண்டுகளில் நிகழ்வதைப் போன்ற தேய்மானம் மீண்டும் தொடங்குகிறது. முதுகெலும்பில் அது ஆண்டுக்கு 2 சதவீத அளவில் இருக்கலாம். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியிருந்தாலும் எலும்பைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இருந்திருக்காது. அந்த முறை உடல் தகிப்பு திரும்பாமல் இருப்பதற்காகச் சொல்லப்படுவது.

டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம்வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடைப்பட்ட டி-ஸ்கோர் எலும்பு அடர்த்திக் குறைவு எனப்படும், மைனஸ் 2.5-ஐத் தொட்டால்தான் எலும்புப்புரை. உங்கள் எண் நடுவில் நிற்பதால், அதை மட்டும் வைத்து மருந்து வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல இயலாது. உங்கள் மருத்துவரிடம் ‘ஃபிராக்ஸ்’ கணக்கீட்டைச் செய்யச் சொல்லுங்கள். வயது, எடை, பெற்றோரின் இடுப்பு முறிவு, தனக்கு ஏற்கெனவே ஏற்பட்ட முறிவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்து, முடக்குவாதம் முதலியவற்றைக் கொண்டு அடுத்த பத்தாண்டுகளில் முறிவு நேரும் வாய்ப்பை அது மதிப்பிடும். தாயாரின் முறிவு இதில் கணிசமாக எடைபோடும். ஆனால், ஹார்மோனை அண்மையில் நிறுத்தியதைக் குறிக்க அந்தக் கணக்கீட்டில் இடமே இல்லை. ஆகவே விடை, மருந்து தொடங்கச் சொல்லும் எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்தால், அதைப் பார்த்து நிம்மதி அடைவதை விட, நிறுத்திய செய்தியையும் சேர்த்து எண்ணிப்பார்க்குமாறு மருத்துவரைக் கேட்பதே சரி என்பது என் கருத்து.

மருந்து தேவை என முடிவானால், பெரும்பாலும் முதலில் வருவது, எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை: வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மாத்திரை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை ஸோலெட்ரோனிக் அமிலத்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுதல். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறும் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல், வேறெதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். இதில் கவனம் தவறினால் உணவுக்குழாய் புண்ணாகலாம், மருந்தும் உடலில் சேராது. சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கு இவை ஏற்றவை அல்ல என்பதால் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை தேவை. பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. இம்மருந்துகளால் நேரக்கூடிய தாடை எலும்பு பாதிப்பு அரிதானது. அதற்கு அஞ்சி மருந்தையே மறுப்பவர்கள், இடுப்பு முறிந்தால் நேரும் துன்பத்தை எடைபோட்டுப் பார்ப்பதில்லை. ரலாக்ஸிஃபீன் என்னும் இன்னொரு மாத்திரை முதுகெலும்பு முறிவைக் குறைக்கும். இடுப்பு முறிவைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை, உடல் தகிப்பைக் கூட்டும், இரத்தம் உறையும் வாய்ப்பையும் உயர்த்தும். உங்கள் தாயாருக்கு முறிந்தது இடுப்பு என்பதால் இதை முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன். எலும்புத் தேய்மானத்தைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கினால், தாமாக நிறுத்தவே கூடாது. மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தும்போது சிலருக்கு முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிகின்றன.

கால்சியம் உங்கள் வயதுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் தேவை, ஆனால் இது உணவையும் சேர்த்த அளவு. உணவில் குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்புங்கள். வைட்டமின் டி நாளொன்றுக்கு 600 முதல் 800 யூனிட் போதும். ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், முதிய பெண்கள் விழுவதும் எலும்பு முறிவதும் கூடத்தான் செய்தன.

நடை நல்லதுதான் என்றாலும், எலும்பை உறுதியாக்க எடை தூக்கும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். நீச்சல் இதயத்துக்கு நன்று; எலும்பின் மீது பளு விழாததால் இதற்கு ஈடாகாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், பயிற்றுநர் கண்காணிப்பில் சிறிய எடையில் தொடங்கிக் கூட்டிச் செல்லுங்கள். அடர்த்தி மேலும் குறைந்திருப்பவர்கள் முதுகை முன்னோக்கி வளைத்துப் பளு தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். பெண்ணுறுப்பில் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பைப் பயன்படுத்துபவர்கள் அதுவே எலும்பையும் காக்கும் என்று நம்புகிறார்கள். அந்த அளவு எலும்புக்குப் பயன்படாது.

அடுத்த டெக்ஸா ஸ்கேனை, நிறுத்திய நாளிலிருந்து ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள், முடிந்தால் அதே கருவியில் எடுங்கள். வேறு கருவியின் எண்ணை ஒப்பிட்டால் உண்மையான தேய்மானம் எது, கருவியின் வேறுபாடு எது என்று பிரித்தறிவது கடினம். இதற்கிடையில் உயரம் குறைந்ததாகத் தெரிந்தாலோ, காரணமில்லாமல் திடீரென முதுகு வலித்தாலோ ஸ்கேனுக்காகக் காத்திராமல் முதுகெலும்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகெலும்பு முறிவுகளில் பல, வலியே இல்லாமல் நிகழ்பவை.