வீட்டோடு கிடப்பவர்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆச்சி,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 29. போன மாதம்தான் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘ஹாபிட்’ என்ற மிகைபுனைவு நாவலைப் படித்தேன். முதல் அத்தியாயத்திலேயே இந்த பில்போ பேக்கின்ஸ் நான்தான் என்று தோன்றிவிட்டது. மண்ணுக்குள் தோண்டிய வசதியான வளை வீடு, நேரத்துக்குச் சாப்பாடு, யாராவது வந்து கதவைத் தட்டினால் எரிச்சல். சில வருடங்களாக ஐடி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். இப்போது கம்பெனி பெங்களூருக்கு வரச் சொல்கிறது. எனக்குப் போக மனமில்லை. ‘கடல் தாண்டிப் போன பரம்பரையில் இப்படி ஒரு பிள்ளையா’ என்கிறார் அப்பச்சி. எனக்கு இருப்பது பயமா, சோம்பலா, இல்லை இன்ட்ரோவர்ட் என்கிறார்களே, அதுவா? பில்போ கடைசியில் டிராகனிடமிருந்து புதையலை மீட்கக் கிளம்பிவிடுகிறாரே, அப்படியென்றால் டோல்கீனும் என்னைப் போகத்தான் சொல்கிறாரா? தமிழில் இதுபோன்ற மிகைபுனைவு நாவல்கள் சிலவற்றைச் சொன்னால் படிப்பேன்.

ஒரு வாசகன், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

நாவல் பட்டியல் எல்லாம் தரமாட்டேன், நல்ல புத்தகக் கடையில் போய் நின்று தேடுங்கள், அதற்காவது வெளியே போனதாக இருக்கும். நீங்கள் இன்ட்ரோவர்ட்டா என்பதும் எனக்குத் தெரியாது. பயமா என்றால், கொஞ்சம் இருக்கும், யாருக்குத்தான் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘நேரத்துக்குச் சாப்பாடு’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் கொஞ்ச நாளாக நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதிலே எழுதுகிறேன்.

யார் சமைத்த சாப்பாடு தம்பி?

பில்போ நான்தான் என்கிறீர்கள். பில்போ வீட்டில் சமையலுக்கு ஆள் யாராவது வருகிறார்களா? அந்த மனிதருக்கு ஐம்பது வயது, தனிக்கட்டை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொறிக்கலாம் என்று மத்தியானமே தன் கையால் கேக் சுட்டு வைத்திருக்கிறார். கூப்பிடாமல் பதின்மூன்று குள்ளர்கள் வந்து உட்காருகிறார்கள், கூடவே ஒரு மந்திரவாதி, ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள், ஒருவருக்கு டீ, ஒருவருக்கு காப்பி, ஒருவருக்கு பீர். மனசுக்குள் கறுவிக்கொண்டே ஓடி ஓடிக் கொடுக்கிறார். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அந்தக் கூட்டம் சாப்பிட்ட பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அடுப்பு மூட்டி, வெந்நீர் வைத்து, அவ்வளவையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் தன் காலைச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார். நாவலில் டிராகனை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, இந்த ஏப்ரன் ஒருத்தருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

உங்கள் லேப்டாப் பக்கத்தில் காலையில் காப்பி வைக்கிறது யார்? ஆத்தாதானே? குடித்த டம்ளர் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் இருக்கப் பிடிக்கிறது என்று வெட்கப்படாமல் எழுதுகிற பையன்களே குறைவு, அந்த வகையில் உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் பில்போ இல்லை. அந்தக் குள்ளர்களில் ஒருவர், அதுவும் மறுநாள் காலையில் கிளம்பாமல் தங்கிவிட்டவர்.

எங்கள் ஐயாவுக்கு, அதாவது அப்பாவைப் பெற்றவருக்கு, ஒரு தம்பி இருந்தார். நாங்கள் சின்ன ஐயா என்போம். பையனாக இருக்கும்போதே பர்மாவில் ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, அனுப்பினார்கள். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊருக்கு வந்தவர், இனிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போகாத ஆண்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ‘வீட்டோட கெடக்கான்’ என்று அவர் காதுபடவே சொல்வார்களாம். நான் பார்க்கும்போது அவருக்கு வயதாகிவிட்டது, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் எப்போதும் ஒரு துணி. ஐப்பசி மழைக்கு முன்னால் கொத்தனாரோடு ஏணியில் ஏறி, குரங்கு கலைத்த ஓடு எது, உடைந்தது எது என்று பார்த்து மாற்றிவிட்டுத்தான் இறங்குவார். மழை பெய்கிற ராத்திரியில் எல்லோரும் தூங்க, அவர் மட்டும் விளக்கை எடுத்துக்கொண்டு பட்டாலை, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எங்கே சொட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். வளவு என்கிற உள்முற்றத்தில் தண்ணீர் போகும் வாயில் சருகு அடைக்காமல் பார்ப்பார், தூண்களை விரலால் தட்டிக் கரையான் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார், சித்திரை வந்தால் பெட்டகங்களைத் திறந்து சாமான்களுக்கு வெயில் காட்டுவார். தன் காப்பியைத் தானே போட்டுக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். எங்கள் வீட்டில் அதைச் செய்த ஒரே ஆண் அவர்தான்.

இப்படி அவரைப் பற்றி உருகி உருகி எழுதும்போதே எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. இதே வேலையையும் இதற்கு மேலும் அப்பத்தா வாழ்நாள் முழுக்கச் செய்தார். ஐயா பர்மாவில், இங்கே நெல்வரத்து, பிள்ளைகள், வேறு வைத்த (அதே வீட்டில் தனி அடுப்பு மூட்டிய) மருமகள்கள், சொந்தத்தில் கல்யாணம் சாவு எல்லாவற்றுக்கும் செய்முறை. வட்டிக்கணக்கு மனசிலேயே போடுவார். வீட்டுப் பெண்கள் போட்ட பணத்தை ஆச்சிமார் பணம் என்று கடைகளில் தனியாகவே கணக்கு வைத்திருந்தார்கள், எத்தனையோ கடைகளில் புரண்டதில் அதுவும் சேர்த்தி. பில்போவின் வளையைக்கூட அவர் அப்பா கட்டியது ஓரளவு மனைவியின் பணத்தில்தான் என்று டோல்கீன் ஒரு அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட்டுப் போகிறார், கவனித்தீர்களா? ஆனால் வீட்டில் இருப்பது உனக்குப் பிடித்திருக்கிறதா என்று அப்பத்தாவை யாரும் கேட்டதில்லை. நான் ஒருமுறை, ரங்கூன் பார்க்க ஆசையாக இருந்ததா என்று கேட்டேன். “தெருவெல்லாம் தண்ணி ஊத்திக் கழுவுவாகளாம்டி, பாக்கணும்னுதான் இருந்துச்சு. போனா வீட்ட யாரு பாப்பா?” என்றார். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஆகவே உங்கள் அப்பச்சி சொல்லும் கடல் தாண்டிய பரம்பரை பாதிக் கதைதான். எல்லா ஊரும் நம் ஊர்தான் என்று பாடியவரும் நம் பக்கத்து மகிபாலன்பட்டிக்காரர்தான் என்பார்கள், அவரும் பேரில் ஊரை விடாமல் பூங்குன்றனார் என்றுதான் நிற்கிறார். சரி, அதை விடுங்கள். ‘ஹாபிட்’ வந்தது 1937இல். அதே வருஷம்தான் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தார்கள். அப்போது கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்வாசி, வட்டிக்குக் கடன் கொடுத்த நம் நகரத்தார் கையில் இருந்தது, அதில் பெரும்பகுதி 1930களில் நெல் விலை விழுந்து கடனைக் கட்ட முடியாமல் போன குடியானவர்களிடமிருந்து வந்தது. (தங்கத்தின்மேல் படுத்திருக்கும் அந்த டிராகனைப் படித்தபோது உங்களுக்கு நம் ஆட்கள் யாரும் ஞாபகத்துக்கு வரவில்லையா? எனக்கு வந்தார்கள். அதைத் தனிக் கட்டுரையாக எழுதினால் அப்புறம் ஒரு கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.) 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது, பலர் நடந்தே வந்தார்கள். மிச்சத்தைச் சுதந்திர பர்மாவின் நிலச் சட்டமும் பின்னால் வந்த தேசியமயமும் எடுத்துக்கொண்டன. எல்லாம் போய் வந்து இறங்கியவர்களுக்கு ஒழுகாத ஒரு வீடு இருந்ததே, அது தானாக அப்படி இருந்துவிடவில்லை.

டோல்கீன் உங்களைப் போகச் சொல்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். பில்போ போன இடத்திலெல்லாம் தன் அடுப்பில் கெட்டில் கொதிக்கும் சத்தத்தை நினைத்து ஏங்குகிறார், இதிலிருந்து நீங்களே எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைவிட முக்கியம் அவர் திரும்பி வருகிற இடம். ஆள் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி வீட்டுச் சாமானை எல்லாம் ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் குடிவர அறையை அளந்துகொண்டிருக்கிறார்கள். தன் நாற்காலி மேசையைத் தானே காசு கொடுத்து மீட்கிறார். வெள்ளிக் கரண்டிகள் பல வரவே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் போய்ப் பாருங்கள், எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஏதோ ஒரு வீட்டு நிலைக்கதவு, யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த போட்டோ, எல்லாம் விலைக்கு இருக்கும். பாதி வீடுகளில் நடந்தது ஏலம்கூட இல்லை, பங்காளிகள் பத்துப் பேரும் பத்து ஊரில், ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்று முடிவாகாமலே நாலு மழை பார்த்தது, உத்தரம் இறங்கியது, அப்புறம் தூணைத் தூணாக லாரியில் ஏற்றினார்கள்.

பெங்களூர் உங்கள் பாடு, உங்கள் கம்பெனி பாடு. போனாலும் குற்றமில்லை. இருப்பதாக இருந்தால் நாளைக் காலையில் ஆத்தாவுக்கு முன்னால் எழுந்து காப்பியைப் போடுங்கள், அப்பச்சியிடம் ஏணி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், ஐப்பசிக்குள் ஓட்டைப் பார்த்துவிடுங்கள். செலவில் பங்கு கேட்டுப் பங்காளிகள் எல்லோருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். டிராகனைப் பார்க்க அத்தனை மலை தாண்டிப் போகவேண்டியதில்லை, பதில் கடிதத்திலேயே வரும்.

அன்புடன்,
ஆச்சி