ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது

கேள்வி: ஆச்சி, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. வெளியூர் மையம் ஒன்றில் பதிவு செய்து, காத்திருந்து, எட்டு மாதக் குழந்தையாக எங்கள் மகளைத் தத்தெடுத்தோம். இப்போது அவளுக்குப் பத்து வயது. விஷயம் எதுவும் தெரியாது. போன மாதம் பள்ளியில் புது ஐடி கார்டு கொடுத்தார்கள். அதில் பிளட் குரூப் பி பாசிட்டிவ். எனக்கும் அவருக்கும் ஓ. "உங்க ரெண்டு பேருக்கும் ஓ, எனக்கு மட்டும் ஏன் பி?" என்று சாப்பிடும்போது கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன். பள்ளியில் சொல்லி கார்டில் ஓ என்று மாற்றி வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். சொன்னால் பாசம் போய்விடும், பங்காளிகளும் பரம்பரைப் பெரிய வீட்டுப் பங்கில் வம்பு செய்வார்கள் என்று பயப்படுகிறார். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். அவள் எங்களிடம் வந்த அன்று போட்டிருந்த மஞ்சள் கவுன் பெட்டகத்தில் வெள்ளிச் சாமானுக்கு அடியில் இருக்கிறது. யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், தேவகோட்டை அருகே

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கார்டு. அதைத் தொடாதீர்கள். ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் ரத்தம் ஏற்றுவார்கள் என்பது சரிதான். அதற்காகப் பிள்ளை கழுத்தில் ஒரு பொய்யைத் தொங்கவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவீர்களா? கார்டை மாற்றினாலும் எத்தனை நாளைக்கு? பெற்றோர் இருவரும் ஓ என்றால் பிள்ளைக்கு பி வருவது அபூர்வத்திலும் அபூர்வம். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. அதுவரைகூடப் போக வேண்டாம், வீட்டில் ஒரு செல்போன் இருந்தால் போதும். பத்து வயதில் இந்தக் கேள்வியைக் கேட்கிற பெண், பதில் வராததையும் கவனித்திருப்பாள்.

என் கதை ஒன்று சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஆத்தாவுக்கு, என்னைப் பெற்ற அம்மாவுக்கு, மதுரையில் ஒரு ஆபரேஷன் நடந்தது. பிள்ளைகள் பயந்துவிடும் என்று எங்களிடம் சொல்லவில்லை. "ஆத்தா ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கா" என்றார்கள். நான் முகப்பில் போய்ப் பார்த்தேன். ஆத்தா வெளியூருக்குப் போட்டுக்கொண்டு போகிற செருப்பு படிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கல்யாணத்துக்குச் செருப்பில்லாமலா போவாள்? அப்பத்தாவிடம் கேட்டேன், "புதுசு வாங்கியிருப்பா" என்றாள். மூன்றாம் நாள் செருப்பையும் காணோம். நான் கேட்டேனே என்று யாரோ எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குள் முடிவாகிவிட்டது, ஆத்தா செத்துப்போய்விட்டாள் என்று. தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. பதினேழாம் நாள் ஆத்தா காரை விட்டு மெதுவாக இறங்கி வந்தபோது, நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் பிரியமாக இருந்தவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் அதற்கப்புறம் வீட்டில் யார் ஊருக்குப் போனாலும் முதலில் செருப்பைத்தான் பார்ப்பேன், இன்றைக்கும்.

உங்கள் மகளுக்கு இப்போது அந்த ஐடி கார்டு, எனக்கு அந்தச் செருப்பு மாதிரி.

அப்புறம் ஒரு விஷயம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை ரகசியம் என்கிறீர்களே, யாருக்கு ரகசியம்? பன்னிரண்டு வருடம் பிள்ளையில்லாத வீட்டுக்குத் திடீரென்று எட்டு மாதக் குழந்தை வந்திருக்கிறது. பங்காளி வீடுகளுக்குத் தெரியும், வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். நம் பக்கத்தில் எந்த வீட்டுப் பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்பதே நாலு தெருவுக்குத் தெரிந்த சங்கதி. இத்தனை பேர் வாயையும் நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். முன்னோருக்குப் படையல் போடுகிற ஒரு படைப்பு வீட்டிலோ கல்யாண வீட்டுப் பந்தியிலோ யாரோ ஒரு ஆச்சி, "பாவம், எங்கே பிறந்ததோ, ராணி மாதிரி வளருது" என்று பாசத்தோடுதான் சொல்வார். அதை உங்கள் மகள் இலையில் கை வைத்தபடி கேட்பாள். மாமியார் சொல்கிறபடி கல்யாணம் வரை காத்திருந்தால், வரன் வரும்போது மாப்பிள்ளை வீட்டார் நாலு இடத்தில் விசாரிக்க மாட்டார்களா? அவளுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இதில் எனக்கு ஒரு ஆச்சரியம் உண்டு. பிள்ளை கூட்டிக்கொள்வதை, அதாவது தத்தெடுப்பதை, மறைக்கிற ஊரா நம்முடையது? நம் நகரத்தார் வீடுகளில் ஒரே கோயிலைச் சேர்ந்த வீடாகப் பார்த்து, ஊரைக் கூட்டி, மஞ்சள் நீர் கொடுத்துக் கூட்டிக்கொண்டார்கள். மஞ்சள்நீர்ப் புத்திரன் என்று அதற்குப் பெயரே இருந்தது. சிறுகூடல்பட்டியில் 1927-இல் பிறந்த முத்தையாவை 7,000 ரூபாய்க்கு இன்னொரு வீட்டில் சுவீகாரம் எடுத்தார்கள். அங்கே அவருக்குப் பெயர் நாராயணன். பிற்பாடு கவிஞர் கண்ணதாசன் ஆனபின் இதையெல்லாம் அவரே ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். அந்தக் காலத்தைத் தூக்கி வைத்துப் பேசவில்லை. சொத்துக்கு வாரிசு வேண்டும், கொள்ளி போட ஆண்பிள்ளை வேண்டும் என்பதுதான் அதில் பெரும்பங்கு. பெண்பிள்ளையை அப்படி ஊர் கூட்டி யார் அழைத்துக்கொண்டார்கள்? நீங்கள் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறீர்கள். செய்துவிட்டு எதற்குத் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பங்கு விஷயத்தில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி தத்து உத்தரவு அமலுக்கு வந்த நாளிலிருந்து அவள் சட்டப்படி உங்கள் பிள்ளை. வாரிசுரிமையும் அதில் அடக்கம். உத்தரவின் நகலை பத்திரமாக வைத்துக்கொண்டு, பெரிய வீட்டுப் பத்திரங்களோடு ஒரு நல்ல வக்கீலிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும். தேவைப்பட்டால் உயில் எழுதலாம். பங்காளிகளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைப் பிள்ளையிடம் மறைத்துப் பங்கைக் காப்பாற்ற முடியாது.

சரி, எப்படிச் சொல்வது? கணவருக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள், அது இன்னொரு ரகசியமாகிவிடும். வருகிற முழுப்பரீட்சை லீவுக்குள் சொல்லியாக வேண்டும் என்று அவரிடம் நாள் குறித்துப் பேசுங்கள். என் தம்பி மனைவியிடம் பேசுகிற மாதிரி சொல்கிறேன், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சொல்கிற அன்று முகப்பில், பட்டாலைத் திண்ணையில் உட்கார வைத்து, பெரியவர்கள் சூழ, பஞ்சாயத்து மாதிரி வேண்டாம். வீட்டு உள்பக்கம், இரண்டாங்கட்டில், சீப்புச்சீடைப் பலகாரம் சுற்றுகிறபோது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுவாள் இல்லையா, அந்த மாதிரி நேரம் நல்லது. கைக்கு வேலை இருந்தால் முகத்தைப் பார்க்காமலே கேட்கலாம், அழலாம். அவரும் கூட இருக்கட்டும்.

ரத்தத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை. நீ என் வயித்துல பிறக்கலை. உன்னை வேற ஒருத்தங்க பெத்தாங்க. எட்டு மாசத்துல நாங்க போய் உன்னைக் கூட்டிட்டு வந்தோம்." இவ்வளவு போதும். உன்னைக் காப்பாற்றினோம் என்ற தொனி எந்த இடத்திலும் வரக்கூடாது. நாளைக்குத் தட்டைக் கழுவச் சொன்னாலும் அந்த நன்றிக்கடன் நடுவில் வந்து நிற்கும். பெற்றவள் ஏன் விட்டாள் என்று கேட்டால், தத்துத் தாளில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். விபத்து, கடவுள் என்று கதை கட்டினால் அதையும் ஒரு நாள் பிரித்துப் பார்ப்பாள். பெரியவளானபின் தேட நினைத்தால் வழி இருக்கிறது. பதினெட்டு முடிந்தால் அவளே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்பென்றால் உங்களோடு சேர்ந்து. பெற்றவளின் அந்தரங்கமும் காக்கப்படும் என்பது விதி.

அவள் அழாமலும் இருக்கலாம். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த சீடையை எடுக்கலாம். நாலு நாள் கழித்து, தலை பின்னும்போது, "அப்ப அப்பத்தாவுக்கும் தெரியுமா?" என்று கேட்பாள். எனக்குப் பட்ட வரையில் அதுதான் அவளுக்கு ரொம்ப வலிக்கும். தத்து என்பதைவிட, எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பது. அப்போது சமாதானம் சொல்லப் போகாதீர்கள். "தெரியும். முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்புப் பண்ணிட்டோம்" என்று சொல்லுங்கள். மாமியாரையும் முன்கூட்டியே தயார்படுத்தி வையுங்கள். பேத்தி நேராகப் போய்க் கேட்டால், "யாருடி சொன்னது?" என்று அவர் அதட்டிவிடக் கூடாது.

ஊருக்கு எல்லாம் சொல்ல வேண்டும் என்று இல்லை. மையத்தின் பெயர், தாளில் உள்ள விவரம், அவளைப் பெற்றவளைப் பற்றித் தெரிந்தது எல்லாம் அவள் சொத்து. யாரிடம் சொல்வது என்று அவள் முடிவு செய்யட்டும். பந்தியில் யாராவது நோண்டினால், "எங்க பொண்ணு" என்று சொல்லிவிட்டு ரசம் கேளுங்கள்.

மஞ்சள் கவுனைப் பேச்சு முடிந்ததும் அன்றைக்கே எடுத்துக் காட்டுங்கள். துவைத்து இஸ்திரி போட வேண்டாம், இருக்கிறபடியே கொடுங்கள். தன் அலமாரியில் வைத்துக்கொள்கிறேன் என்பாள். வைத்துக்கொள்ளட்டும்.