பெருவிரல் மரத்திருக்கிறது, டிஸ்க் ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். வயது 42. மூன்று வாரமாகக் குறுக்கில் தொடங்கும் வலி இடது புட்டம் வழியே காலுக்கு இழுக்கிறது. பெருவிரல் மரத்திருக்கிறது. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம் என்றார்கள். தடவி ஏற்றினால் சரியாகுமா, ஆபரேஷன்தானா?

பதில்: பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. தடவி ஏற்றவும் வேண்டாம்.

முதுகெலும்புகளுக்கு இடையே டிஸ்க் எனப்படும் 23 தட்டுகள் இருக்கின்றன. வெளியே நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். வளையத்தில் விரிசல் விட்டால் கூழ் பிதுங்கிப் பக்கத்திலுள்ள நரம்பு வேரை அழுத்தும், அதைப் புண்படுத்தி வீங்கவும் வைக்கும். தட்டு கழன்று நகர்வதில்லை. அதனால் வெளியிலிருந்து அமுக்கி உள்ளே தள்ளவும் முடியாது. முறுக்கி இழுத்தால் விரிசல் பெரிதாகலாம்.

ஸ்கேனை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் நாற்பதுக்கு மேல் பிதுக்கம் தெரியும். காலின் அறிகுறி அதோடு பொருந்த வேண்டும். உங்கள் ஸ்கேன் சொல்லும் எல்4-எல்5, அதாவது இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கினால் வழக்கமாக மாட்டிக்கொள்வது எல்5 நரம்பு. கீழ்க்காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்புறம், பெருவிரல் எல்லாம் அதன் எல்லை, உங்களுக்குப் பொருந்துகிறது. அடுத்த கீழ்த்தட்டாக இருந்தால் சுண்டுவிரல் பக்கம் மரக்கும், நுனிக்காலில் நிற்க வராது.

சுவரைப் பிடித்தபடி குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்தடி நடந்து பாருங்கள். இடது முன்பாதம் தொங்கினாலோ, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றாலோ தசை வலுவிழக்கிறது என்று பொருள். அப்போது தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் முட்டியும் வராமல் நிற்பது, தெரியாமலே போவது, பிறப்புறுப்பையும் மலவாயையும் சுற்றி மரப்பது, இரண்டு காலும் தளர்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போகலாம்.

படுக்கை ஓரிரு நாள் போதும். அதற்கு மேல் படுத்தே கிடந்தால் முதுகுத் தசை இளைத்துவிடும். தினமும் மூன்று நான்கு முறை பத்து நிமிடம் நடங்கள். ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துத் தூங்குங்கள். மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரையை வாரக்கணக்கில் போடாதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

இனி வேலை. இரவில் தட்டு நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அதற்கு ஆகாது. விடிகாலை ஜீப்புக்கு முன்னால் வாசல் பெருக்குவதையும் குடம் தூக்குவதையும் வீட்டில் வேறு யாரிடமாவது விடுங்கள். மேட்டுப் பாதையில் பின் பெஞ்சில் குலுங்காமல் முன் இருக்கை கேளுங்கள். ஏலச்சரம் தூரோடு தரையில் படர்வதால், நின்று குனியாமல் ஒரு முழங்காலை ஊன்றி எடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிமிருங்கள். குனிந்தபடி திரும்பிச் சாக்கைத் தூக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். மூன்று மாதமாவது சாக்கு தூக்காதீர்கள்.

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி தணியும். பிதுங்கிய கூழும் பலருக்குத் தானாகச் சுருங்கும். வலி காலை விட்டு மேலேறிக் குறுக்கோடு நின்றால் குணமாகிறது என்று அர்த்தம். மரப்பு கடைசியில்தான் போகும். ஆறு வாரம் தாண்டியும் கால் வலி தாங்காவிட்டால், பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் சிறு ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம். அது கால் வலியை நன்றாகக் குறைக்கும்; குறுக்கு வலிக்கு அந்த அளவு உதவாது.