கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: திருகோணமலையில் ஒரு கார் சேலில் 2015 அல்டோ பார்த்தேன். 32 இலட்சத்துக்குக் கீழே ஒரு சதமும் குறையாதாம். எப்படிப் பேசுவது? – வாசகர், உப்புவெளி

பதில்: முதலில் அந்தக் காரை உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டாதீர்கள், வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் முதல் நாளே கூட்டிப் போய் சீட்டில் உட்கார வைத்தால் விலை அங்கேயே நின்றுவிடும். தெரிந்த மெக்கானிக்கோடு போங்கள். கடலோரம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்று விட்டு வைத்திருக்காது. கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள், கதவின் அடி விளிம்பில் விரலை ஓட்டுங்கள், ஸ்பேர் டயர் கிடக்கும் குழியையும் விடாதீர்கள், புதுப் பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் போல எழும்பியிருந்தால் அது துருதான். டயர், பற்றரி, துரு மூன்றுக்கும் ஆகும் செலவை எழுதி வைத்துக்கொண்டு அதைக் கழித்துக் கேளுங்கள். “குறைக்க ஏலாதா” என்று வெறுமனே கெஞ்சினால் ஐயாயிரம் குறைப்பார், அவ்வளவுதான்.

2020இல் இறக்குமதி நின்றபோது ஏறிய விலையை வைத்து இன்னும் கதை சொல்வார்கள். தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது என்று சொல்லுங்கள். இறக்குமதி வரி அதிகம் என்பார், அது உண்மைதான்.

அப்புறம், லீசிங் பாக்கி இருக்கிறதா என்று வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.