சூயஸ் வழிக் கப்பல் பயணத்தில் வாந்தி மாத்திரை தேவையா?

கேள்வி: என் வயது 68. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் இரவில் கிளார்ஜின் இன்சுலினும், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் கலந்த மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். புராஸ்டேட் வீக்கமும் உண்டு. செப்டம்பரில் மகன் குடும்பத்தோடு கிரேக்கத்தில் சொகுசுக் கப்பல் ஏறி, சூயஸ் கால்வாய் வழியாக ஜோர்டானின் அகபா துறைமுகத்துக்குச் சென்று, பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவைப் பார்க்கவிருக்கிறோம். பயணம் முழுவதும் தினமும் அவோமின் என்ற வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், சென்னை

பதில்: தினமும் வேண்டாம். சூயஸ் கால்வாயின் 193 கிலோமீட்டரிலும் அலை என்பதே கிடையாது. கப்பல்கள் வரிசையாக, மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் அந்த நாளில் குமட்டலுக்கு இடமில்லை. மத்தியதரைக் கடலில் அலை எழும்பினால், கப்பல் மருத்துவரைக் கேட்டு, உங்களுக்குப் பொருந்தும் மருந்தை அன்றைக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

நான் கவலைப்படுவது கடலைப் பற்றியல்ல, பெட்ராவில் நடக்கப்போகும் அரை நாளைப் பற்றி. அவோமினில் உள்ள புரோமெத்தசின் வியர்வையைக் குறைக்கும். தூக்கமும் தடுமாற்றமும் தரும். புராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடவும் கூடும். வெயிலில் உடலைக் குளிர்விப்பது வியர்வைதான் என்பதால், அகபாவில் இறங்கும் நாளிலும் அதற்கு முந்தைய இரவிலும் இந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.

சென்னை வெயிலுக்குப் பழகியவர்கள் பாலைவனத்தில் ஏமாறுவதுண்டு. இங்கே சட்டை நனைந்து நம்மை எச்சரிக்கும். அங்கே காற்று வறண்டிருப்பதால் வியர்வை தோலில் தங்குவதற்குள் ஆவியாகிவிட, எவ்வளவு நீர் இழந்தோம் என்பதே தெரியாது. வயதானால் தாகமும் மங்கும். போதாக்குறைக்கு, உங்கள் ரத்த அழுத்த மாத்திரை நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. கழிப்பறை தேட வேண்டியிருக்குமே என்று தண்ணீரைத் தவிர்ப்பது புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களின் வழக்கம். அன்றைக்கு மட்டுமாவது அதைக் கைவிட்டு, தாகத்துக்குக் காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளானால் குடித்தது போதவில்லை. அதற்காக ஒரேயடியாக லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் தவறு. ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) இறங்கிவிடும்.

பெட்ராவின் வாசலிலிருந்து பாறை இடுக்கு வழியாக, ‘கருவூலம்’ எனப்படும் பாறைக் கட்டடத்தின் முகப்பை அடையச் சுமார் 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். போகும்போது இறக்கம் என்பதால் எளிதாகத் தோன்றும் அந்த வழி, திரும்பும்போது களைத்த கால்களுக்கு ஏற்றமாகிவிடும். ஆகவே பாதித் தெம்பு மிச்சமிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். நடையால் சர்க்கரை தாழக்கூடும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், காலுறையும் பழகிய ஷூவும் அணியுங்கள்.

இரவில் மட்டும் போடும் இன்சுலினைக் கப்பல் அறையிலேயே குளிர்ச்சியாக வைத்துவிட்டுப் போகலாம். வெயிலில் நிற்கும் பேருந்தில் அது கெட்டுவிடும்.

வழியில் வாந்தியோ பேதியோ கண்டால், மெட்ஃபார்மினையும் அழுத்த மாத்திரையையும் நிறுத்திவைப்பது பற்றி அன்றே கப்பல் மருத்துவரைக் கேளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வெயிலில் பேச்சு குழறினாலோ, மனம் குழம்பினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ, கப்பலுக்குத் திரும்பும்வரை காத்திராமல் உடலை நனைத்து விசிறியபடியே அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாக, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம் இரண்டையும் ரத்தத்தில் பரிசோதித்து, முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.