இரண்டாவது இன்ஜின்

அன்புள்ள சார்,

கொச்சி கடற்படைத் தளத்தில் ஐலாண்டர் என்ற சிறிய இரட்டை இன்ஜின் விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்த உங்கள் மாமாவைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நான் திருச்சிக்காரன். பைலட் பயிற்சியில் இருக்கிறேன். வீட்டை அடமானம் வைத்து அப்பா பணம் கட்டியிருக்கிறார். அடுத்தது மல்டி இன்ஜின் ரேட்டிங், அதாவது ஒன்றுக்கு மேல் இன்ஜின் உள்ள விமானம் ஓட்டும் தகுதி. செஸ்னா 402, 421, பைப்பர் நவாஹோ மாதிரி பெரிய இரட்டை பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கு இனி எதிர்காலம் இருக்கிறதா? வெளிநாட்டில் அவற்றை ஓட்டி அனுபவம் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். நண்பர்கள் அதெல்லாம் காயலான்கடைச் சரக்கு, இனி ஒற்றை டர்போபிராப்பும் மின்சார விமானமும்தான் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இரண்டு இன்ஜின் என்றால் இரட்டைப் பாதுகாப்பு அல்லவா? அதை எப்படிக் கைவிட்டார்கள் என்பதுதான் புரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அதே வாரம் மாமாவின் டூல் பாக்ஸும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அத்தை கும்பகோணம் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். "உனக்குத்தான் இதில் பைத்தியம், நீயே வச்சுக்க" என்று கொடுத்துவிட்டார். நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, பித்தளைப் பிடி போட்ட காந்தம், போல்ட் கழலாமல் கட்டும் லாக் வயர் சுருள், அதை முறுக்கும் குறடு. நான்கு நாளாக அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தக் காயலான்கடை. இந்த வார்த்தையை நண்பர்கள் சொன்னால் போகிறது, நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்களே, அது எனக்கு வருத்தம். பயிற்சியில் இருக்கும் பிள்ளை நீங்கள். உங்கள் அப்பா வயதுள்ள விமானம் ஒன்று இன்றைக்கும் தினம் ஆறு முறை கடலைத் தாண்டுகிறது என்றால் அதன் முன்னால் கொஞ்சம் பணிவு வேண்டும். செஸ்னா 402இன் உற்பத்தி 1985இல் நின்றுபோனது. அதற்குப் பிறகும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஹையானிஸிலிருந்து நாண்டக்கெட் தீவுக்கும் மார்த்தாஸ் வினியார்டுக்கும் கேப் ஏர் நிறுவனம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதை நம்பித்தான் ஓடியது. இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரில் விரிசல் வரக்கூடும் என்று தெரிந்தபோது, பட்டை வைத்து வலுப்படுத்தச் சொல்லி அரசு ஆணை போட்டது. பட்டை வைத்தார்கள், மறுபடி பறந்தார்கள். காயலான்கடைக்குப் போகிற பொருளுக்கு யாரும் இவ்வளவு செய்வதில்லை.

உற்பத்தி நின்றது விமானம் கெட்டது என்பதால் அல்ல. 1978இல் அமெரிக்காவில் 17,811 சிறிய விமானங்கள் தயாராகின. 1994இல் 928. நடுவில் விபத்து வழக்குகளின் இழப்பீட்டுச் சுமை கம்பெனிகளை நெருக்கியது. செஸ்னா 1986இல் பிஸ்டன் விமானங்களையே நிறுத்திவிட்டது. 18 ஆண்டுக்கு மேல் பழைய விமானத்துக்குத் தயாரித்தவர் பொறுப்பில்லை என்று 1994இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு செஸ்னா ஒற்றை இன்ஜின் விமானங்களைத் திரும்பச் செய்தது, பிஸ்டன் இரட்டையைத் தொடவே இல்லை. அந்த இடத்தில் கேரவனும் பிலாட்டஸ் பிசி-12ம் வந்து உட்கார்ந்தன. ஒரே ஒரு டர்பைன் இன்ஜின் ப்ராப்பெல்லரைச் சுற்றும், உங்கள் நண்பர்கள் சொன்ன டர்போபிராப் அதுதான். ஓவர்ஹாலுக்கு 3500 மணி அளவில் போனால் போதும். பெரிய பிஸ்டன் இன்ஜின்களை 1600, 2000 மணியிலேயே பிரிக்க வேண்டும், அதுவும் இரண்டையும். கணக்கு தெரிந்தவர்கள் மாறினார்கள். அதைத் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் இரட்டைப் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியாது. அந்த நினைப்போடு நீங்கள் அந்த சீட்டில் உட்காரக் கூடாது.

ஒரு இன்ஜின் பழுதாக ஒரு வாய்ப்பு என்றால், இரண்டு இருந்தால் ஏதோ ஒன்று பழுதாகும் வாய்ப்பு இரண்டு மடங்கு. இதைத்தான் முதலில் மனதில் போட வேண்டும். நவாஹோவின் நீண்ட ரகமான சீஃப்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 350 குதிரைத்திறன். மொத்தம் 12 சிலிண்டர், 24 ஸ்பார்க் பிளக். கெட்டுப்போகக் கூடியவை எல்லாமே இரண்டு மடங்கு. சரி, ஒன்று நின்றால் பாதி பலம் மிச்சம் இருக்குமே என்பீர்கள். உங்கள் வீட்டையே வைத்துப் பாருங்கள். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோனால் வாடகையும் அரிசியும் பாதியாகிவிடுமா? அவை அப்படியேதான் இருக்கும், மாதாமாதம் மிச்சம் பிடித்ததுதான் முதலில் காணாமல் போகும். விமானம் கீழே இறங்காமல் பறக்கவே பலத்தில் பெரும் பங்கு போய்விடுகிறது. மிச்சம் இருப்பதில்தான் அது மேலே ஏறுகிறது. அதனால் ஒரு இன்ஜின் நின்றால் ஏறும் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் போய்விடும். வெயிலும் சுமையும் சேர்ந்தால் ஏறவே ஏறாது.

அது மட்டுமா? நின்ற பக்கம் ப்ராப்பெல்லர் சும்மா சுற்றிக் காற்றைத் தடுக்கும், ஓடுகிற இன்ஜின் மூக்கை நின்ற பக்கமாகத் திருப்பும். வாலில் இருக்கும் ரட்டரின் பெடலைக் காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேகம் காட்டும் கருவியில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். வேகம் அதற்குக் கீழே போனால் எவ்வளவு அழுத்தினாலும் ரட்டரால் தாங்க முடியாது, விமானம் மல்லாந்துவிடும். ஒரே இன்ஜினில் நன்றாக ஏறும் வேகத்தைக் காட்டும் நீலக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எந்தக் காலுக்கு வேலை இல்லையோ அந்தப் பக்க இன்ஜின்தான் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் ப்ராப்பெல்லர் இதழ்களை ஃபெதர் செய்து, காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்ப வேண்டும். எல்லாம் சில நொடிகளில், தரை பக்கத்தில் இருக்கும்போது. அவசரத்தில் நல்ல இன்ஜினை அணைத்துவிட்டவர்கள் உண்டு. ஒற்றை இன்ஜின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி வயல் தேடுவீர்கள். இரட்டையில் ஒன்று நின்றால் இன்னொன்று உங்களுக்கு நம்பிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும், பழக்கம் விட்டுப்போனவனை அந்த நம்பிக்கைதான் கொல்லும். இரண்டாவது இன்ஜின் பாதுகாப்பு தரும், தராது என்று சொல்லவில்லை. நடுக்கடலில், இருட்டில், உயரத்தில் இருக்கும்போது அது உயிர் காக்கும். ஆனால் அதற்கு தினம் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், ஓட்டுகிறவரும் பழகிக்கொண்டே இருக்க வேண்டும்.

தொட்டுப் பார்த்தவரில் ஒருவர் என் மாமா. ஐலாண்டர் 1976இல் நம் கடற்படைக்கு வந்தது. பள்ளிக்கூட விடுமுறையில் கொச்சி குவார்ட்டர்ஸுக்குப் போவேன். சாயங்காலம் வாசலில் டீயோடு உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேலே ஐலாண்டர் போகும். ஊம்ம்... ஊம்ம்... என்று சத்தம் ஏறி இறங்கும். "சேரலை, கேட்டியா?" என்பார். இரண்டு ப்ராப்பெல்லரும் ஒரே வேகத்தில் சுற்றவில்லை என்று அர்த்தம். மேலே பைலட் லீவரை மெல்ல நகர்த்துவார் போல. அந்த ஏற்ற இறக்கம் மெதுவாகி, மெதுவாகி, ஒரே சுருதியாக நிற்கும். தம்பூராவில் இரண்டு தந்தி சேரும்போது கேட்குமே, அதேதான். மாமா அதற்குப் பிறகுதான் டீயைக் குடிப்பார். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பைப் பிரித்து, அதில் மினுங்கும் துகளைக் காந்தம் வைத்துப் பார்ப்பாராம். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம் மாதிரி வேறு உலோகம், எந்தப் பாகம் தேய்கிறது என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம். வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் போல்ட்டுக்குக்கூட லாக் வயர் கட்டியிருந்தார். போல்ட் கழலப் பார்த்தால் வயர் அதை இறுக்கும் பக்கம்தான் இழுக்க வேண்டும், திருப்பிக் கட்டினால் கட்டாததைவிட மோசம் என்பார்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு பயிற்சிப் பள்ளி கூப்பிட்டதென்று போனார். பெயர் வேண்டாம். அங்கே ஒரு இரட்டை இன்ஜின் விமானம் ஷெட்டில் நின்றிருந்தது. டயரில் காற்றில்லை, இன்ஜின் மூடிக்குள் குருவி கூடு. விற்றும் விடவில்லை, பறக்கவும் விடவில்லை. அந்த ரகத்தில் கையெழுத்துப் போட லைசென்ஸ் உள்ள ஆள் வேலையை விட்டுப் போனார், வேறு ஆள் வைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். லைகாமிங் கம்பெனியின் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. ஓடாமல் நின்றால் அதிலிருந்து ஆயில் வடிந்துவிடும், துரு ஏறும். பறந்து தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பதுதான் அதற்குச் சாவு. மாமா மூன்று மாதம் அதன் பக்கத்தில் நடந்தார். கை வைக்க அனுமதி கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். அப்புறம் விமானத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதே இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

எதிர்காலம் கேட்டீர்கள். மின்சாரத்தை விடுங்கள், இப்போதைக்கு பேட்டரி எடை அதற்கு இடம் கொடுக்காது. இத்தாலியின் டெக்னாம் கம்பெனியே தன் மின்சார விமானத் திட்டத்தை 2023இல் நிறுத்தி வைத்துவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல்தான் உண்மையான சிக்கல். அதிக அழுத்தத்தில் ஓடும் பெரிய பிஸ்டன் இன்ஜின்களுக்கு அந்தப் பெட்ரோலின் உயர்ந்த ஆக்டேன் வேண்டும், ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு, அதை ஒழித்தே ஆக வேண்டும். ஈயமில்லாத மாற்று வந்துகொண்டிருக்கிறது. டயமண்ட் மாதிரி சிலர் டீசல் வகை இன்ஜின் வைத்து ஜெட் எரிபொருளிலேயே ஓட்டுகிறார்கள். வழி இருக்கிறது.

மிச்சம் இருப்பது தீவுகள். ஐலாண்டர் முதலில் பறந்தது 1965இல். இன்றும் ஸ்காட்லாந்தின் ஆர்க்னியில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர், இரண்டு நிமிடப் பயணம், அதில்தான். உள்ளே நடுவில் நடக்க வழி கிடையாது, கார் மாதிரி கதவைத் திறந்து ஏற வேண்டும். ஃபாக்லாந்து தீவுகளில் நாளை யார் எங்கே போக வேண்டும் என்று கேட்டு, அதை வைத்து அட்டவணை போடுகிறார்கள், புல்தரையில் இறங்குகிறார்கள். கேப் ஏர் 402க்குப் பதிலாக வாங்கியது எது தெரியுமா? டர்பைன் இல்லை. அதே டெக்னாம் செய்த பி2012 டிராவலர், பக்கத்துக்கு 375 குதிரைத்திறன் பிஸ்டன் இன்ஜின், ஒன்பது பயணிகள், மடங்காத சக்கரம். 2019இல் முதல் விமானம் கைக்கு வந்தது. பணக்காரர் சொந்தமாக வாங்கிப் பறந்த 421க்குப் புது வாரிசு வராது என்றே நினைக்கிறேன். தீவுக்காரர் டிக்கெட் எடுத்து ஏறும் விமானத்துக்கு வந்துவிட்டது.

ரேட்டிங் எடுங்கள். வெளிநாட்டுக் கனவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அப்பாவின் கடனை மனதில் வைத்து ஒவ்வொரு மணியையும் செலவு செய்யுங்கள். உங்கள் கடிதத்தில் விமானங்களின் எண்கள் எல்லாம் இருந்தன. நீங்கள் தினம் ஏறும் விமானத்துக்குக் கையெழுத்துப் போடும் மெக்கானிக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. நாளை காலை சீக்கிரம் போய் அவர் ஃபில்டரை வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.