கள்ளி வளரவில்லையா? தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய உருண்டைக் கள்ளி இன்னும் எலுமிச்சம்பழ அளவிலேயே இருக்கிறது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. தினமும் ஒரு ஸ்பூன் தண்ணீர், மாதம் ஒருமுறை உரம் கொடுக்கிறேன். வேறு என்ன செய்வது?"

முதலில் அந்த ஸ்பூனைச் சமையலறையிலேயே வைத்துவிடுங்கள், உரமும் இப்போதைக்கு வேண்டாம். கள்ளி இப்படி அடம்பிடித்தால் பெரும்பாலும் கோளாறு வேரில்தான். செய்தித்தாளை மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்து, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டுங்கள். நர்சரிக்காரர் வைத்த தென்னைநார்த் தூள் கமர்கட் மாதிரி இறுகி வேரைக் கவ்விக்கொண்டிருக்கும். நீங்கள் விடும் ஒரு ஸ்பூன் மேலே மட்டும் நனைக்கும், அடிவேர் காய்ந்து சாகும். ஐப்பசி அடைமழையில் அதே கட்டி ஊறிப்போய் நாள்கணக்கில் காயாமல் மிச்ச வேரையும் அழுகவைக்கும். வெள்ளைப் பஞ்சு போல் ஏதாவது ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி.

கட்டியைக் குச்சியால் உதிர்த்து வேரை அலசுங்கள். கறுத்து நொய்ந்த வேர்களை, சுத்தமான கத்தியால், வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரியும்வரை நறுக்கிவிட்டு நிழலில் ஒரு வாரம் சும்மா போட்டுவையுங்கள். பயப்பட வேண்டாம், வேரில்லாமல் கிடந்தாலும் அது தாங்கும்.

நம் ஊர் வண்டல் சம்பாவுக்கு அமிர்தம், கள்ளிக்கு எமன். ஆற்று மணலைச் சலித்து, மேலே தங்கும் பருமணலையும் பொடித்த செங்கல் துண்டுகளையும் முக்கால் பங்கு எடுத்து, மிச்சம் மக்கிய எரு சேருங்கள். நட்டு ஒரு வாரம் கழித்து அடியில் வடியும்வரை தண்ணீர் விட்டு, அப்புறம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

இந்த வேலைக்குத் தை, மாசி நல்ல காலம். அக்னி நட்சத்திரத்தில் வளரவில்லை என்று கவலைப்படாதீர்கள். கள்ளி இரவில்தான் இலைத்துளை திறந்து மூச்சுவிடும் (இலையே இல்லாத செடிக்கு இலைத்துளை என்பது வேடிக்கைதான், தண்டின் தோலில் இருக்கும் நுண்துளைகளைத்தான் அப்படிச் சொல்கிறோம்), இரவும் புழுங்கினால் அது ஓய்வெடுத்துக்கொள்ளும்.

இரண்டு மாதம் கழித்து லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடாமல் பிடித்திருந்தால் வேர் விட்டாயிற்று. உச்சிக் குழியில் புது முள் பளிச்சென்ற நிறத்தில் எட்டிப்பார்த்ததும் உரம் கொடுக்கலாம், அதுவும் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதிதான்.